பென்குவின் இருந்த பக்கம்

எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் சனிக்கிழமை சாயங்காலமானால் ஓர் ஐஸ்கிரீம் வண்டி வந்து நிற்கிறது. அதை வண்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாண ரிசப்ஷன் மேடையைப் பெயர்த்தெடுத்துச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கிறது. நாலு பக்கமும் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி மினுக்குகிற விளக்கு, உள்ளே இருந்து இந்திப் பாட்டு. மணி அடிக்கிற வழக்கமெல்லாம் இல்லை, அவரவர் ஃபோனுக்கே செய்தி வந்துவிடுகிறது. கரியைக் கரைத்த மாதிரி கறுப்பாக ஒரு ஐஸ்கிரீம் வைத்திருக்கிறார்கள். நல்ல மைசூர்பாக்கை உதிர்த்துப் போட்டு, அதையும் கெடுத்து ஐஸ்கிரீமையும் கெடுத்த இன்னொன்றும் இருக்கிறது.

அதெல்லாம் போகட்டும். விற்கிற ஆள் பண்ணுகிற அழும்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீளக் கம்பியின் நுனியில் கோனை ஒட்டவைத்துக் குழந்தையிடம் நீட்டுவான். குழந்தை கை வைக்கப் போகிற நேரம் பார்த்து வெடுக்கென்று இழுத்துக்கொள்வான். மறுபடி நீட்டுவான், மறுபடி இழுப்பான். பெற்றவர்கள் தடுக்காமல் நின்று படம் பிடிக்கிறார்கள். போன வாரம் ஒரு சின்னப் பெண் உதட்டைப் பிதுக்கி அழுதேவிட்டாள், அதற்கும் சிரித்தார்கள். நான் நேரே போய், முதலில் குழந்தை கையில் கொடுத்துத் தொலை, அப்புறம் வித்தை காட்டு என்று சத்தம் போட்டேன். என் பெண்ணுக்கு மானம் போய்விட்டதாம். லிஃப்டில் ஏறினதும், சின்ன வயதில் உனக்கு யாரும் ஐஸ்கிரீமே வாங்கித் தரவில்லையா, ஏன் இப்படி எரிந்து விழுகிறாய் என்று கேட்டாள்.

வாங்கித் தந்தார்கள். வாங்கித் தந்த அழகைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் அப்போது லக்ஷ்மிபுரத்தில் இருந்தோம். மேலுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ மைசூருக்கு வந்து தங்கிவிட்ட வைஷ்ணவக் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் கன்னடம், சண்டை வந்தால் இரண்டும். அப்பா தினமும் ரயிலேறி மண்டியாவுக்கு வேலைக்குப் போய் இருட்டின பிறகு வருவார். அதனால் வீட்டுக்குச் சட்டம் போடுகிற பொறுப்பு, ரிட்டையராகி ஊஞ்சலோடு ஊஞ்சலாக உட்கார்ந்திருந்த பெரியப்பாவுடையது. அவர் போட்ட சட்டத்தை நடத்திவைக்கிற பொறுப்பு அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணமான மறுவருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன்மார் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். எனக்கு அவள் ரொம்ப வயதானவளாகத் தெரிந்தாள். இப்போது யோசித்தால் அன்றைக்கு அவளுக்கு என் பெண்ணின் வயதுகூட இருந்திருக்காது.

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு குறுகிய சந்து தொடங்கிக் கொல்லைப்புறங்களை ஒட்டியே போகும். கன்சர்வன்ஸி என்பார்கள். அந்தக் காலத்தில் மைசூரில் பழைய தெருக்களுக்குப் பின்னாலெல்லாம் அப்படி ஒன்று உண்டு. குப்பை அள்ளுகிறவர்கள் வந்து போகிற வழி. வீட்டு மனிதர்கள் யாரும் அதில் கால் வைக்கமாட்டார்கள், எங்கள் வீட்டுக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அந்தச் சந்தின் வாயில் ஒரு பெரிய புங்க மரம். நான் இரண்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், அந்த மர நிழலில்தான் ஐஸ்கிரீம் வேன் வந்து நிற்க ஆரம்பித்தது.

ரொட்டிக் கம்பெனி ஒன்று கழித்துக்கட்டின பழைய வேன் அது. வாங்கினவர் ஒரு பக்கத்துத் தகரத்தை வெட்டி ஜன்னல் வைத்திருந்தார். மறுபக்கம் முழுக்க மூடின தகரம். அதிலிருந்த ரொட்டிப் படத்தை மறைப்பதற்காக மேலே ஒரு பென்குவினை எழுதியிருந்தார். பென்குவினைப் பார்த்தே இராதவர் எழுதின பென்குவின் அது. கோட்டுப் போட்ட காக்காய் மாதிரி இருக்கும். ஜன்னல் தெருவைப் பார்க்க, பென்குவின் சந்தைப் பார்க்க, வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஒரு பித்தளை மணியை எடுத்து ஆட்டுவார். மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குகிற தெரு அப்படியே எழுந்து உட்காரும். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு, யார் எவ்வளவு கத்தினாலும் வேகப்படாத மனிதர். எங்களுக்கு அவர் வண்டிக்காரர், அவ்வளவுதான்.

முதல் நாள் மணி கேட்டதும் நானும் அண்ணாவும் ஓடினோம். பெரியப்பா ஊஞ்சலிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார், நின்றுவிட்டோம். ஐஸ்கிரீமில் முட்டை போடுவார்கள் என்று அவர் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். விசாரிக்காமல் வீட்டுக்குள் விடமுடியாது. அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு அவரே வண்டிக்குப் போனார். பால் எங்கிருந்து வருகிறது, சர்க்கரை என்ன சர்க்கரை, முட்டை உண்டா என்று ஊரே கேட்கிற மாதிரி விசாரணை நடந்தது. வண்டிக்காரர் பொறுமையாகப் பதில் சொல்லி, ஒரு மரக் கரண்டியில் கொஞ்சம் எடுத்து நீட்டினார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தார். சந்தேகம் தீரவில்லை என்று இன்னொரு கரண்டி வாங்கிச் சுவைத்தார். திரும்பி வந்து, முட்டை கிடையாது, சுத்தமான பால் என்று தீர்ப்புச் சொன்னார். பாயசத்தைத் திருக்கண்ணமுது என்கிற மாதிரி இதைக் குளிர்கண்ணமுது என்று வைத்துக்கொள்ளலாம் என்று ஹாஸ்யம் வேறு.

தீர்ப்போடு நிபந்தனைகளும் வந்தன. தெருவில் நின்று சாப்பிடக்கூடாது. அவன் தருகிற கோனும் கிண்ணமும் வேண்டாம், நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் வாங்கிவர வேண்டும். எச்சில் பண்ணாமல் சாப்பிட வேண்டும்.

எச்சில் பண்ணாமல் ஐஸ்கிரீம் சாப்பிடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தண்ணீரானாலும் காப்பியானாலும் டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். ஐஸ்கிரீமுக்கும் அதே கதிதான். டம்ளரில் வாங்கி வந்ததைக் கூடத்தில் வைத்து, அது உருகிப் பாயசமாகிற வரை அதைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். பிறகு ஒவ்வொருவராக அண்ணாந்து வாயில் விட்டுக்கொள்ள வேண்டும். முழுக்க உருகியிருந்தால் வெதுவெதுப்பான சர்க்கரைப் பால். அரைகுறையாக உருகியிருந்தால் உள்ளே இருக்கிற கட்டி வழுக்கிக்கொண்டு வந்து மூக்கில் விழும். அண்ணாவுக்கு ஒரு தடவை கண்ணில் விழுந்தது. அத்தை பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்று, உதடு பட்டதா இல்லையா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள். பட்டுவிட்டால் டம்ளரைக் கழுவு, கையை அலம்பு, வாயைக் கொப்பளி.

எதிர் வீட்டில் என் வகுப்பில் படிக்கிற கன்னடப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் வண்டி ஜன்னலுக்குக் கீழேயே நின்று, கோனைச் சுற்றிச் சுற்றி நாக்கால் நக்கித் தின்பாள். பூனைக்குட்டி பால் குடிக்கிற மாதிரி அவ்வளவு கவனமாகத் தின்பாள். கடைசியில் கோனின் அடி நுனியைக் கடித்து, உள்ளே தேங்கியிருப்பதை உறிஞ்சுவாள். உருகினதைத்தான் எங்களுக்குத் தருவார்கள் என்று சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பல் இல்லையா என்று கேட்டாள்.

அன்றையிலிருந்து எனக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான். ஒரு முழுக் கோனைக் கையில் பிடித்து, உருகுவதற்கு முன்னால், நாக்கால் நக்கித் தின்ன வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்பது அத்தை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சட்டம் போட்டவர் ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சொம்போடு நின்றவள் அவள்தானே! குழந்தைக்குக் கண்ணில் படுகிறவர்தானே எதிரி. அத்தையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு வெளியில் பெரிய பெயர். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களெல்லாம் அவளைக் காட்டித்தான் தங்கள் மருமகள்களுக்கு உபதேசம் செய்வார்கள். வெளியில் எதுவும் சாப்பிடமாட்டாள், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள் என்று மேலுக்கோட்டையிலிருந்து அடிக்கடி வருகிற மாமா ஒருவர் கையைக் கூப்பிச் சொல்வார். பெரியப்பா பெருமையாக ஊஞ்சலை ஒரு உந்து உந்துவார். அந்தப் பெருமையோடு பெரியப்பா சாயங்காலம் டவுனுக்குப் போய், ஹோட்டலில் மசால்தோசை தின்று, அங்கேயே உதட்டில் வைத்துக் காப்பி குடித்துவிட்டு வருவார். அதை யாரும் எச்சில் என்று சொன்னதில்லை, அது காற்றாடப் போய்வருவது. அத்தை கோவிலைத் தவிர எங்கேயும் போனதில்லை. எங்களுக்கு வருகிற அந்தச் சர்க்கரைப் பாலில்கூட அவளுக்குப் பங்கு கிடையாது. வேண்டுமா என்று யாரும் கேட்டதுமில்லை.

அந்தக் கோடையில் வீட்டில் இன்னொரு தொல்லையும் இருந்தது, காக்காய். கொல்லைப்புறத்தில் அம்மா அரிசி வடாம் பிழிந்து காயப்போடுவாள். வெயில் ஏறினதும் அத்தை ஒரு பழைய கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு, சாயங்காலம் வரை காவலுக்கு உட்கார்ந்திருப்பாள். எப்போதும் அவள் காவலிருந்தால் ஒன்றுகூடக் குறையாது. அந்த வருஷம் மட்டும் அள்ளும்போது அளவு குறைந்துகொண்டே வந்தது. இந்தக் காக்காய்களுக்கு என்ன கேடு வந்தது, இப்படித் தின்று தீர்க்கிறதே என்று அம்மா புலம்பினாள். அத்தை குடையை மடித்து வைப்பாள்.

ஒருநாள் பெங்களூரிலிருந்து வந்திருந்த அம்மாவின் தம்பி, புறப்படும்போது என் கையில் கொஞ்சம் சில்லறையைத் திணித்துவிட்டுப் போனார். என் நல்ல காலம், அதை யாரும் பார்க்கவில்லை. மத்தியானம் எப்போது வருமென்று பாவாடை முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தேன். பெரியப்பா மேலுக்கோட்டை மாமாவை அழைத்துவரப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். அம்மா கூடத்தில் கண்ணயர்ந்துவிட்டாள். அண்ணா எங்கேயோ கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். மணி அடித்தது. வாசல் வழியாகப் போனால் தெருவே பார்க்கும், தெரு பார்த்தால் பெரியப்பா காதுக்குப் போகும். யோசித்துப் பார்த்தேன். வேனின் பென்குவின் பக்கம் நின்றால் தெருவிலிருந்து ஒருவருக்கும் தெரியாது. கன்சர்வன்ஸி சந்து வழியாகப் போனால் நேரே அங்கேதான் போய்ச் சேரும். வண்டிக்காரரை டிரைவர் கதவு வழியாகத் தரச் சொல்லலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கொல்லைக் கதவு சாத்தாமல் கிடந்தது. வடாம் காய்ந்துகொண்டிருந்தது, காவலுக்கு ஆளில்லை. அத்தை பாத்ரூம் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி சந்துக்குள் நடந்தேன். திரும்பினால் பென்குவின். பென்குவினின் வயிற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அத்தை நின்றிருந்தாள்.

அவள் கையில் கோன். முழுக் கோன். நக்கிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டுப் பெண் எப்படிச் சுற்றிச் சுற்றி நக்குவாளோ அதே மாதிரி. கண் பாதி மூடியிருந்தது, உதட்டுக்கு மேலே வெள்ளையாக ஒட்டியிருந்தது. திறந்திருந்த டிரைவர் கதவு வழியாகப் பார்த்தேன். சீட்டின் மேல் செய்தித்தாள் பொட்டலம் ஒன்று வாய் பிரிந்து கிடந்தது. உள்ளே எங்கள் வீட்டு அரிசி வடாம்.

காக்காய் யார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் எனக்கு வடாமைப் பற்றி என்ன கவலை? உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எத்தனை டம்ளர் பாயசத்தை மூக்கிலும் கண்ணிலும் விட்டுக்கொண்டு, உதடு பட்டதென்று எத்தனை தரம் வாய் கொப்பளித்திருக்கிறேன்! எல்லாம் இவளால். இவள் மட்டும் இங்கே வந்து நின்றுகொண்டு நக்குகிறாள். நான் அத்தை என்று கத்தினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். பதறுவாள், கெஞ்சுவாள், யாரிடமும் சொல்லாதே என்று காலைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குனிந்து, பாதி தின்ற கோனை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"இந்தா. நீயும் ஒரு வாய் தின்னுடி."

எனக்கு அவ்வளவு பக்கத்தில் கோன் வந்தது அதுதான் முதல் தடவை. வெனிலா வாசனை வந்தது. நாக்கை நீட்டினால் போதும். ஆனால் என்னை வளர்த்தவள் யார், பழக்கினவள் யார்? இரண்டு எட்டுப் பின்னால் போனேன்.

"சீ, எச்சில்."

அந்த வீட்டில் ஒருவர் எச்சிலை இன்னொருவர் தொட்டு நான் பார்த்ததில்லை. அம்மா எனக்குச் சாதம் பிசைந்து கையில் போடுவாளே தவிர, தன் வாயில் வைத்ததைத் தந்ததில்லை. அத்தை தந்தாள். நான் சொன்னதைக் கேட்டு அவள் முகம் என்ன ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை, நான் கோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது உருகி அவள் மணிக்கட்டில் வழிந்தது. நீட்டின கையை அவள் உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் குதிரை டாங்காக்காரன் ஒருவன் கத்தினான். எங்கள் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்த வழியில்லை, வேனை நகர்த்து என்று கத்தல். ஜன்னல் பக்கம் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் முன்னால் வந்து ஏறிக் கதவைச் சாத்தினார். எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்துத் தயங்கினார். டாங்காக்காரன் விடவில்லை. வேன் மெதுவாக உறுமிக்கொண்டு நகர்ந்தது.

அத்தையின் முதுகுக்குப் பின்னாலிருந்து பென்குவின் போய்விட்டது. அது இருந்த இடத்தில் முழுத் தெருவும் வந்து நின்றது. கையில் கோனோடு எதிர் வீட்டுப் பெண், அவளோடு தெருக் குழந்தைகள், மாடியில் துணி எடுக்க வந்தவர்கள். எல்லோருக்கும் முன்னால் டாங்கா. டாங்காவில் பெரியப்பாவும், அவர் பக்கத்தில் மேலுக்கோட்டை மாமாவும்.

நான் ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். அத்தை ஓடவில்லை. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளவும் இல்லை. திரும்பிப் பெரியப்பாவையே பார்த்தாள். பிறகு மணிக்கட்டில் வழிந்ததை நக்கினாள். கோனைத் திருப்பி மிச்சத்தை நக்கினாள். கடித்து, மென்று, கடைசி நுனி வரை தின்றாள். நாலு பேர் பார்க்க அவ்வளவு நிதானமாக ஒருத்தர் சாப்பிட்டு நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. தின்று முடித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு, சந்து வழியாகவே திரும்பிப் போனாள்.

அன்றைக்கு வீட்டில் பெரிய ரகளை நடக்கும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. மேலுக்கோட்டை மாமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காப்பி குடித்தார். பெரியப்பா ஊஞ்சலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். விளக்கேற்றினதும் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். அப்பாவும் வந்துவிட்டிருந்தார். அத்தை சமையலறை நிலைப்படியில் நின்றாள்.

"நன்னா விஜாரிச்சேன்," என்றார் பெரியப்பா. "அந்த ஐஸ்கிரீம்ல முட்டை போடறான்."

எப்போது விசாரித்தார்? டாங்காவை விட்டு இறங்கினதிலிருந்து அவர் ஊஞ்சலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் அதைக் கேட்க அந்தக் கூடத்தில் ஆளில்லை. முட்டை தின்றதற்குப் பிராயச்சித்தம் என்று சாஸ்திரிகளைக் கூப்பிட்டார்கள். அத்தை பச்சைத் தண்ணீரில் தலை முழுகி, பஞ்சகவ்யம் குடித்து, பட்டினி கிடந்தாள். அதே ஐஸ்கிரீமை அண்ணாந்து அண்ணாந்து குடித்த எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை, குழந்தைகளுக்குத் தோஷமில்லையாம். இரண்டு கரண்டி வாங்கிச் சுவைத்த பெரியப்பாவுக்கும் தோஷமில்லை, அது விசாரணை. மேலுக்கோட்டை மாமா, செய்ய வேண்டியதை முறையாகச் செய்துவிட்டீர்கள் என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஊருக்குப் போனார். அப்பா அதற்குப் பிறகும் மண்டியா ரயிலைப் பிடிக்கத்தான் அவசரப்பட்டார்.

மறுநாள் பெரியப்பா கைத்தடியோடு மரத்தடிக்குப் போய், குழந்தைகள் தொண்டை கெடுகிறது, இந்தத் தெருவில் நிற்கக்கூடாது என்று வண்டிக்காரரை விரட்டினார். அவர் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் அந்தக் கோடையில் மணிச் சத்தமே கேட்கவில்லை. காக்காய்களும் திருந்திவிட்டன, வடாம் ஒன்றுகூடக் குறையவில்லை. அம்மா கொஞ்ச நாள் அந்தக் கொல்லைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அத்தையின் இலையில் கேட்காமலே இன்னொரு கரண்டி நெய் விட்டாள். அதுதான் எங்கள் வீட்டில் அத்தைக்காக எழுந்த ஒரே குரல்.

என் கோபமெல்லாம் அத்தை மேல். பாயசமாகவாவது கிடைத்துக்கொண்டிருந்தது, அதுவும் போயிற்று. அவள் ஒருத்தி தின்றதால் தெருவுக்கே ஐஸ்கிரீம் போச்சு என்று எதிர் வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அழுதேன். பள்ளிக்கூடம் திறக்கிற வரை நான் அத்தையோடு பேசவில்லை. தலை பின்னிவிடக் கூப்பிட்டால் அம்மாவிடம் போய் உட்காருவேன். அவளும் வற்புறுத்தமாட்டாள். நாங்கள் தண்ணீர் குடிக்கும்போது மட்டும் பழையபடி சொம்போடு வந்து நிற்பாள். உதட்டைப் பார்க்கிறதை மட்டும் விட்டுவிட்டாள். அதையும் நான் அப்போது கவனித்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

தசரா வந்தது. எக்ஸிபிஷனுக்கு எல்லோரும் கிளம்பினோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டுமே, அதனால் அத்தையை விட்டுவிட்டுப் போனோம். ராட்டினத்தைத் தாண்டி, பாத்திரக் கடைகளைத் தாண்டி, விளக்குகளுக்கு நடுவே பார்த்தால் அதே வேன். அதே ஜன்னல், அதே பித்தளை மணி. நான் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன், கோட்டுப் போட்ட காக்காயும் இருந்தது. திரும்பி வந்து பெரியப்பா முகத்தைப் பயந்துகொண்டே பார்த்தேன். அவர் அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருந்தார். கூட்டத்தில் டம்ளரை எங்கே தேடுவது, எக்ஸிபிஷனில் எச்சில் கிடையாது என்று புதுச் சட்டம் ஒன்று போட்டு, எல்லோருக்கும் கோன் சொன்னார். தனக்கும் ஒன்று சொல்லிக்கொண்டார்.

முட்டை என்னவாயிற்று? ஒருவரும் கேட்கவில்லை. சாஸ்திரிகளைக் கூப்பிட்டு ஊரறியத் தங்கைக்குச் சாணியும் கோமூத்திரமும் கலந்து கொடுத்த மனிதர், அதே ஜன்னலில், அதே கையிலிருந்து வாங்கி, மீசையில் ஒட்ட ஒட்ட நக்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு நானும் நக்கினேன். என் முதல் கோன். சுற்றிச் சுற்றி, உருகவிடாமல், ஆசை தீர நக்கினேன். அதை விட ருசியாக நான் இதுவரை ஒன்றும் தின்றதில்லை என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத கோபம்.

வண்டிக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஜன்னலிலிருந்து எட்டி எங்கள் கும்பலை ஒவ்வொருவராகப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு குனிந்து, பெரியப்பாவின் காதில் விழாதபடி, குடை அம்மா வரவில்லையா என்று கன்னடத்தில் கேட்டார்.

"கொடெ அம்மா பர்லில்வா?"

யாரைக் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கோனை வாயிலிருந்து எடுத்தேன். உறவுக்காரர்கள் கையைக் கூப்பிச் சொல்வதை எத்தனையோ தரம் கேட்டு எனக்குப் பாடமாகியிருந்தது. பெரியப்பா ஊஞ்சலை உந்துகிற அதே பெருமையோடு, தலையை நிமிர்த்திக்கொண்டு, வண்டிக்காரருக்குப் புரியட்டும் என்று கன்னடத்திலேயே சொன்னேன், எங்கள் அத்தை வெளியில் எதுவும் சாப்பிடமாட்டாள் என்று.